சொந்தமாகக் கோத்த கணினியில் எதை நிறுவுவது: விண்டோசா, லினக்சா, இரண்டுமா?

எங்கள் வீட்டில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த கணினியை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை 2025 அக்டோபரில் வந்தது. அந்த மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினியில் இருந்த இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியோ, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்கும் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலுக்கு வெகு தொலைவில் இருந்தது. கடையில் முழுதாக ஒரு கணினியை வாங்காமல், சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி, கூடத்து மேசையில் வைத்து நாங்களே கோப்பது என்று முடிவு செய்தோம். ரைசன் 5 7600 செயலி, பி650 வகை மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி என்று பட்டியல் எழுதி, எங்கே எது விலை குறைவு என்று விசாரிப்பதிலேயே இரண்டு வாரம் போயிற்று. அதில் எந்த இயங்குதளத்தை நிறுவப்போகிறோம் என்பதை யாரும் பேசவேயில்லை. நான் அந்தப் பேச்சை எடுத்தபோது, "விண்டோஸ்தானே போடப்போறோம் சித்தப்பா, அதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அண்ணன் மகள் கேட்டாள்.

யோசிக்க நிறையவே இருந்தது. அதை எந்த வரிசையில் யோசித்தோம், ஒவ்வொரு வழியிலும் கிடைப்பது என்ன, விட்டுக்கொடுக்க வேண்டியது என்ன என்பதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். என் முதன்மையான கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: இயங்குதளத்தைப் பற்றிய முடிவு, கணினியைக் கோத்து முடித்து பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அமைப்பு நிரல்) திரை ஒளிர்ந்த பிறகு எடுக்கவேண்டியதன்று. பாகங்களின் பட்டியலை எழுதும்போதே அதுவும் கூடவே எழுதப்பட வேண்டும். மதர்போர்டில் எஸ்எஸ்டிக்கு எத்தனை எம்.2 இடங்கள் தேவை, கிராஃபிக்ஸ் கார்டு எந்த நிறுவனத்தினுடையதாக இருக்கவேண்டும், எவ்வளவு புதிய வன்பொருளை வாங்கலாம் என்பனவெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

கணினியைப் பயன்படுத்தப்போவது மூன்று பேர். அண்ணன் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர். டேலியும், ஜிஎஸ்டி படிவங்களும், யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பமும் அவருடைய அன்றாடம். மகள் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளைச் சொல்லித்தருகிறார்கள். நான் தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைப்பவன். என் வேலையில் பெரும்பகுதி லிப்ரே ஆபிஸிலும் உலாவியிலும் முடிந்துவிடும். ஒரே வீட்டில், ஒரே மேசையில், மூன்று வேறு தேவைகள். இயங்குதளங்களைப் பற்றிய விவாதங்கள் பலவும் எது சிறந்தது என்று பொதுவாகத் தொடங்கி முடிவில்லாமல் நீள்வதற்குக் காரணம், எந்த வேலைக்கு என்ற கேள்வி அங்கே விடுபட்டுப்போவதுதான் என்று நினைக்கிறேன்.

ஆப்பிளின் மேக் இயங்குதளத்தைச் சாதாரணக் கணினியில் நிறுவும் முயற்சியைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதன் உரிமம் ஆப்பிள் தயாரித்த கருவிகளுக்கு மட்டுமே இடம் தருகிறது. இன்டெல் செயலியுள்ள மேக்குகளுக்கு 2025இல் வெளியான டஹோ பதிப்பே கடைசி என்று ஆப்பிளே அறிவித்தும் விட்டது. புதிதாகக் கோக்கும் கணினிக்கு அந்த வழியை எண்ண வேண்டியதில்லை.

விண்டோஸ் 11இலிருந்து தொடங்குகிறேன். அதற்குச் சார்பான வாதம் எளியது, வலுவானது. டேலி, சாலிட்வொர்க்ஸ் இரண்டும் விண்டோசுக்கென்றே எழுதப்பட்டவை. கையொப்ப டோக்கனை லினக்சிலும் இயங்கவைக்க வழிகள் உண்டு என்றாலும், மாதத்தின் 20ஆம் தேதி மாலையில், படிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி மணிநேரத்தில், டோக்கனின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏன் தெரியவில்லை என்று ஆராயும் நிலைக்கு ஒரு கணக்கரைத் தள்ளுவது நியாயமாகாது. விளையாட்டுகளிலும் இதே நிலைமை ஓரளவு உண்டு. 2018இல், ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தார் புரோட்டான் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகு, விண்டோசுக்கு எழுதப்பட்ட ஏராளமான விளையாட்டுகள் லினக்சில் ஓடத் தொடங்கிவிட்டன. ஆனால் வேலரன்ட் போல, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இயங்குதளத்தின் ஆழத்தில் நிறுவும் விளையாட்டுகள் லினக்சில் ஓடுவதில்லை. வீட்டில் அப்படிப்பட்ட விளையாட்டை ஆடுபவர் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தகுதிகளைப் பொறுத்தவரை, இன்று வாங்கும் எந்தச் செயலிக்கும் கவலையில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைத் தனியாக வாங்கவேண்டும் என்று கடைகளில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தேவையில்லை. ஏஎம்டி செயலிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இன்டெல் செயலிகளில் பிடிடி என்ற பெயரிலும் அது உள்ளேயே இருக்கிறது. பயாசில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

விலையில்தான் விண்டோஸ் உறுத்தத் தொடங்குகிறது. மடிக்கணினி வாங்குபவருக்கு விண்டோசின் விலை கருவியின் விலைக்குள் கரைந்து மறைந்துவிடும். தானே கோப்பவர் அதைத் தனியாக, கண்ணால் பார்த்துக் கொடுக்கவேண்டும். ஹோம் பதிப்பின் முழு உரிமம் இந்தியாவில் பத்தாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது. எங்கள் பட்டியலில் அது ரேமின் விலையோடு போட்டியிட்டது. உரிமங்களில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓஇஎம் எனப்படும் வகை மதர்போர்டோடு பிணைந்தது. போர்டு பழுதாகி மாற்றினால் உரிமமும் அதோடு போயிற்று. ரீடெய்ல் வகையை அடுத்த கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியைத் தானே கோப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒரு பெரிய பாகத்தை மாற்றுவார் என்பதால், விலை கூடினாலும் ரீடெய்ல் உரிமமே அவருக்கு ஏற்றது. பழைய விண்டோஸ் 7, 8 சாவிகளைக் கொண்டு புதிய பதிப்பைச் செயல்படுத்தும் வழி 2023 செப்டம்பரில் அடைக்கப்பட்டுவிட்டதால், பரணில் கிடக்கும் பழைய பெட்டியின் ஒட்டுச்சீட்டை நம்பிப் பயனில்லை.

சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் சாவிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்ட உரிமங்களிலிருந்து பிரித்து விற்கப்படுபவை. இன்று செயல்பட்டு, நாளை முடக்கப்படலாம். அதைவிட மோசமானது, செயல்படுத்தித் தருவதாகச் சொல்லி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கப்படும் சிறு மென்பொருள். வங்கிக் கடவுச்சொல்லும் வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கும் இருக்கப்போகும் கணினியில், முழு அதிகாரத்தோடு அப்படி ஒன்றை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. பணம் இல்லையென்றால் அதற்கு நேர்மையான வழி இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்பதே என் எண்ணம். ஆனால் ஒன்று: சாவி இல்லாமலேயே விண்டோஸ் 11ஐ நிறுவிப் பார்க்க முடியும். திரையின் வலது கீழ் மூலையில் நினைவூட்டல் எழுத்து நிற்கும், பின்னணிப் படத்தையும் நிறங்களையும் அமைப்புகள் வழியாக மாற்ற இயலாது, மற்றவை வேலை செய்யும். எல்லாப் பாகங்களும் சரியாக இயங்குகின்றனவா என்று ஓரிரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு உரிமத்தை வாங்குவது விவேகம்.

நிறுவும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 11இன் நிறுவி (அதை நிறுவித்தரும் மென்பொருள்) இப்போது இணைய இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. புதிய மதர்போர்டுகளில் உள்ள வைஃபை அல்லது லேன் சில்லின் டிரைவர் பல நேரங்களில் நிறுவிக்குள் இருப்பதில்லை. இணையம் இல்லாமல் மேலே செல்ல முடியாது, டிரைவர் இல்லாமல் இணையம் வராது. போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை முன்கூட்டியே இறக்கி அதே பென்டிரைவில் வைத்துக்கொள்வது ஒரு வழி. ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது இன்னொரு வழி. எங்களுக்கு அது உடனே கைகொடுத்தது. இன்டெல் பதினோராம் தலைமுறைக்குப் பிந்தைய சில கணினிகளில் நிறுவி எஸ்எஸ்டியையே காட்டாமல் இருப்பதும் உண்டு. எஸ்எஸ்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன், பயாசில் விஎம்டி என்ற அமைப்பை அணைத்துப் பார்க்க வேண்டும், அல்லது அதற்குரிய டிரைவரை நிறுவிக்குக் காட்ட வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிடப் பெரியது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது வட்டு தானாகவே, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. மடிக்கணினி திருடுபோனால் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கணினியைத் தானே கோத்தவர் பயாசைப் புதுப்பிப்பார், செயலியை மாற்றுவார், செக்யூர் பூட்டை (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளோடு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் அமைப்பை) அணைத்து ஏற்றுவார். இவற்றில் எதுவும் டிபிஎம்மின் நினைவைக் குலைத்து, அடுத்த தடவை இயக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைத் திரை கேட்கும்படி செய்துவிடலாம். சாவி இணையக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்றாலும், அந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் உள்ளே உள்ள எல்லாமும் போனது போலத்தான்.

இனி லினக்ஸ். அது பல வகைகளில் வருவதால், எந்த லினக்ஸ் என்பதே முதல் கேள்வியாக வந்து புதியவரை மலைக்கவைக்கிறது. அந்த மலைப்பு தேவையற்றது. விண்டோசில் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட்டின் சினமன் பதிப்பையே நான் சொல்வேன். இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை, வலப்பக்கம் கடிகாரம் என்று கை போகும் இடத்திலேயே எல்லாம் இருக்கும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22, அதே ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. ஆண்டுக்கணக்கில் எதுவும் மாறாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறவருக்கு டெபியன். 2023இல் வந்த அதன் 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை போன்றவற்றுக்குத் தேவையான மூடிய ஃபர்ம்வேர்களும் (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்கள்) நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் பழைய தொல்லை குறைந்திருக்கிறது. மிகப் புதிய வன்பொருள் வாங்கியவருக்கு, ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும் ஃபெடோரா.

வன்பொருளின் வயதைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் விண்டோசுக்கும் லினக்சுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதில்தான் இருக்கிறது. விண்டோசில் டிரைவரைப் பாகத்தின் தயாரிப்பாளர் தருகிறார். லினக்சில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. எனவே ஓராண்டு பழைய மதர்போர்டில் லினக்சை நிறுவினால், ஒலி, லேன், வைஃபை எல்லாம் எதையும் இறக்காமலேயே வேலை செய்வதைக் காணலாம்; சென்ற மாதம் வெளியான கிராஃபிக்ஸ் கார்டில் நிறுவினால், திரை மங்கலான தெளிவுத்திறனில் திணறுவதையும் காணலாம். 2025 மார்ச்சில் வந்த ரேடியான் 9070 வரிசைக் கார்டை, 6.8 கெர்னலோடு வெளியான மின்ட் 22இல் செருகினால் அது தன் முழுத் திறனோடு இயங்காது. புதிய கெர்னலும், மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகத்தின் புதிய பதிப்பும் வேண்டும். 2023 ஜனவரியில் வந்த எங்கள் ரைசன் 7600க்கு அந்தச் சிக்கல் எழவில்லை. லினக்சை நிறுவ நினைப்பவர் பாகப் பட்டியலில் ஒரு தலைமுறை பின்னால் நின்றால், பணமும் மிஞ்சும், தொல்லையும் குறையும்.

கிராஃபிக்ஸ் கார்டின் நிறுவனமும் அதே போல முக்கியம். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் டிரைவர்கள் திறந்தவை, கெர்னலோடு வருபவை. என்விடியா கார்டுகளுக்கு முழு வேகம் வேண்டுமானால் அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். மின்ட்டிலும் உபுண்டுவிலும் இது இரண்டு சொடுக்கு வேலைதான். ஆனால் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், நிறுவிய பின் முதல் மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை தோன்றி, எம்ஓகே எனப்படும் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். பலர் அதைக் கவனிக்காமல் தொடர்க என்று அழுத்திவிட்டு, டிரைவர் ஏன் ஏறவில்லை என்று நாள்கணக்கில் தேடுகிறார்கள். அந்தத் திரையில் பதிவுசெய்யும் தெரிவைத் தேர்ந்து, நிறுவும்போது தான் வைத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அவ்வளவே. இயந்திரக் கற்றலுக்காக என்விடியா கார்டு கட்டாயம் என்ற நிலையில் உள்ளவர் இதற்கு அஞ்சி விலக வேண்டாம். வேறு காரணம் இல்லாதவர் ஏஎம்டியை வாங்குவது நிம்மதி.

லினக்சின் பெரிய நன்மை என்று நான் கருதுவது, வட்டில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்க முடிவது. கணினியைக் கோத்த அன்றிரவு, எஸ்எஸ்டியைத் தொடாமலே மின்ட்டை ஓட்டி, ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, முன்பக்க யூஎஸ்பி துளைகள் வேலை செய்கின்றனவா என்று அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டோம். முன்பக்கத் துளைகளில் ஒன்று வேலை செய்யவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தபோது கம்பி சரியாக அழுந்தாமல் இருந்தது. எந்த இயங்குதளத்தை நிறுவப்போகிறவரும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். அதோடு மெம்டெஸ்ட்86+ கொண்டு ரேமையும் ஒரு சுற்றுச் சோதித்துவிடுவது நல்லது. பழுதான ரேமில் நிறுவப்படும் எந்த இயங்குதளமும் தொடக்கத்திலேயே சிதைந்த கோப்புகளோடு எழுதப்படலாம், பழியோ இயங்குதளத்தின் மேல் விழும். இறக்கிய கோப்பு மாற்றப்படாததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்ப்பதையும் விடக்கூடாது. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே நுழைந்து, இறக்கும் இணைப்பைத் திருத்தப்பட்ட ஒரு படிக்கு மாற்றிவிட்டார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒப்பீட்டில் இன்னொரு கட்டம் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸ் 11இலேயே உள்ளது. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். அழகி, எ-கலப்பை போன்ற பழக்கமான கருவிகளும் விண்டோசில் கிடைக்கின்றன. லினக்சில் தமிழ்99 என்ற பெயர் இரண்டு இடங்களில் தென்படும், அதில்தான் பலர் இடறுகிறார்கள். சாதாரண விசைப்பலகைப் பட்டியலில் இருக்கும் தமிழ்நெட் 99, விசைக்கு ஓர் எழுத்து என்ற நேரடி அமைப்பு மட்டுமே. க விசையை இருமுறை தட்டினால் 'கக' என்றே வரும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியின் வழியாக எம்17என் விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்தால்தான் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' என்று வரும். நாள் முழுவதும் தட்டுபவனுக்கு இந்தச் சிறிய வேறுபாடு விரல்களில் தெரியும்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். லதா, நிர்மலா எழுத்துருக்களில் அமைத்த ஆவணத்தை லினக்சில் திறந்தால், அவற்றுக்குப் பதிலாக லோஹித் அல்லது நோட்டோ வந்து அமர்ந்து, வரிகளின் நீளம் மாறி, பக்க எண்ணிக்கையே மாறிவிடும். நோட்டோவிலேயே தொடக்கம் முதல் அமைப்பது இரண்டு பக்கமும் ஒத்துப்போக எளிய வழி. பழைய குறியாக்கத்தில் பேஜ்மேக்கரில் தட்டிய கோப்புகளைத் திறந்து வேலை செய்யவேண்டிய அச்சகத்தார் விண்டோசை விட்டு நகர முடியாது.

ஆக, எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் மகளுக்கும் விண்டோஸ், எனக்கு லினக்ஸ் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இரண்டையும் ஒரே கணினியில் வைப்பது புதிதல்ல. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், மத்திய அரசின் சிடாக் ஆய்வு நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசும் சேர்ந்தே வந்தன. கேள்வி, எப்படி வைப்பது என்பதுதான். ஒரே எஸ்எஸ்டியைப் பிரித்து இரண்டையும் நிறுவலாம், செலவில்லை. ஆனால் இரண்டும் ஒரே தொடக்கப் பகுதியைப் பகிர்வதால், ஒன்றில் ஏற்படும் மாற்றம் மற்றதைத் தாக்கும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு, செக்யூர் பூட் இயக்கியிருந்த பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. அதை முழுமையாகச் சரிசெய்யும் புதுப்பிப்பு 2025 மேயில்தான் வந்தது. செக்யூர் பூட் தொடர்பான அந்தச் சிக்கலுக்குத் தனி வட்டும் மருந்தாகாது. ஆனாலும் தொடக்கக் கோப்புகள் மேலெழுதப்படுவது, பார்ட்டிஷன் தவறுவது, மீண்டும் நிறுவும்போது மற்றதை அழித்துவிடுவது போன்ற அன்றாட விபத்துகள், ஆளுக்கொரு எஸ்எஸ்டி இருந்தால் பெரும்பாலும் நேர்வதில்லை. மடிக்கணினிக்காரர் பலருக்குக் கிடைக்காத இந்த வசதி, கணினியைத் தானே கோப்பவரின் கையில் இருக்கிறது. இரண்டு எம்.2 இடங்களுள்ள போர்டாகப் பார்த்து வாங்கினால் போதும்.

தனித்தனி எஸ்எஸ்டியில் நிறுவும்போதும் ஒன்றைச் செய்யாவிட்டால் பயனில்லை. என் முந்தைய கணினியில் நான் இரண்டு வட்டுகளையும் செருகியபடியே இரண்டாவது இயங்குதளத்தை நிறுவினேன். எல்லாம் சரியாகவே ஓடியது. ஓராண்டு கழித்துப் பழைய வட்டைக் கழற்றி நண்பருக்குக் கொடுத்துவிட்டு இயக்கினால், கணினி பயாஸ் திரையோடு நின்றது. நிறுவி, தன் தொடக்கக் கோப்புகளை ஏற்கெனவே பழைய வட்டில் இருந்த சிறிய தொடக்கப் பகுதியில் எழுதியிருந்தது எனக்குத் தெரியவில்லை. அதனால் இம்முறை, முதலில் விண்டோசை ஓர் எஸ்எஸ்டியில் நிறுவினோம். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, வெப்பத் தகட்டை எடுத்து, நகக்கண் அளவேயுள்ள அந்தத் திருகைக் கழற்றி, விண்டோஸ் எஸ்எஸ்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்தோம். இரண்டாவது இடத்தில் 500 ஜிபி எஸ்எஸ்டியைச் செருகி மின்ட்டை நிறுவி முடித்த பிறகே முதலாவது மீண்டும் உள்ளே போனது. இயக்கும்போது பயாசின் தொடக்கப் பட்டியல் விசையைத் தட்டி எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்கிறோம். இரண்டும் மற்றது இருப்பதையே அறியாமல் ஓடுகின்றன.

இரட்டை அமைப்பில் இன்னும் இரண்டு சிறு திருத்தங்கள் உண்டு. கணினியின் உட்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், லினக்சிலிருந்து விண்டோசுக்கு மாறினால் மாலை ஆறு மணிக்குக் கடிகாரம் பன்னிரண்டரை காட்டும். லினக்சை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் சொல்லும் ஒரே கட்டளையில் இது தீரும். விண்டோசின் வேகத் தொடக்கம் என்ற அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். அது இயக்கத்தில் இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் உறங்குகிறது, லினக்சிலிருந்து அந்த வட்டின் கோப்புகளில் எதையும் எழுத முடியாது.

ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டும் வழியும் இருக்கிறது. நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு, விண்டோசுக்குள்ளேயே லினக்சைத் தரும் டபிள்யூஎஸ்எல் பெரும்பாலும் போதும். இரண்டாவது எஸ்எஸ்டி வாங்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில், லினக்சுக்குள் மெய்நிகர் கணினியாக விண்டோசை ஓட்டினால், அதற்கும் உரிமம் வாங்க வேண்டும், முப்பரிமாண வரைவுக்கு வேகமும் போதாது. என்றாவது ஒரு நாள் ஒரு விண்டோஸ் மென்பொருளைத் திறக்கவேண்டிய லினக்ஸ்காரருக்கு மட்டுமே அது சரி.

வேறொரு வீட்டுக்கு நான் வேறு பதில் சொல்வேன். உலாவி, காணொளி, கடிதம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் ஆகியவற்றுக்கே கணினி என்றால், மின்ட்டை மட்டும் நிறுவி, விண்டோசுக்கான பத்தாயிரத்தை நல்ல திரைக்கோ யூபிஎஸ்சுக்கோ கொடுக்கலாம். எங்கள் பழைய நான்காம் தலைமுறைக் கணினியும் இன்று மின்ட்டோடுதான் அம்மாவின் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிழைப்பே விண்டோஸ் மென்பொருளில் இருப்பவர் ரீடெய்ல் உரிமத்தை வாங்கி, வேறு எதையும் சேர்க்காமல் அதோடு நிற்கலாம். இரண்டும் வேண்டும் என்பவர் இரண்டாவது எஸ்எஸ்டியின் விலையைப் பட்டியலின் முதல் வரைவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைத் தாமதமாக எண்ணியதால் ரிச்சி தெருவுக்கு இன்னொரு நடை போகவேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்த அன்று மாலை, விண்டோசின் மீட்புச் சாவியைத் திரையில் திறந்து வைத்து, மகள் ஆறு ஆறு இலக்கங்களாக வாசிக்க, அண்ணன் அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். எட்டுத் தொகுதிகளையும் நான் ஒருமுறை சரிபார்த்த பிறகு, தாளை மடித்துக் குடும்ப அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அண்ணி பீரோவைப் பூட்டினார்.